நோராவுக்காக ஒரு துவக்கு

சுவிசின் ஃப்ரிபூர்க் நகரில், ஷோன்பெர்க் பக்கத்து மாடிக் குடியிருப்பில் தனியாக இருக்கும் சந்திரமதி துவக்கு வாங்கப்போகிறாள் என்பது முதலில் இந்திராவுக்குத்தான் தெரியவந்தது. இந்திரா தமிழ்க் கடையில் வேலைக்கு நிற்பவள், சந்திரமதியைவிடப் பத்து வயது இளையவள். ஒரு வியாழக்கிழமை மாலை சந்திரமதி முருங்கைக்காயையும் இடியப்ப மாவையும் மேசையில் வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"இந்திரா, உன்ர மனுசனுக்கு சனிக்கிழமை ஓய்வோ? என்னை ஒருக்கா ரோமோனுக்குக் கொண்டுபோய்க் கூட்டிக்கொண்டு வருவாரோ?"

"ரெயின் இருக்குத்தானே அக்கா. கிட்டத்தானே."

"போகேக்க ரெயின் சரி. வரேக்க துவக்கோட ரெயினில வாறது வடிவில்லை."

"என்னத்தோட?"

"துவக்கோட. இரட்டைக்குழல். குருவி சுடுறது."

இந்திரா சிரித்தாள். சந்திரமதி சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திவிட்டாள். முருங்கைக்காயைப் பையில் போட்டபடி, "அவரைக் கேட்டுப் பார்க்கிறன் அக்கா" என்றாள். அடுத்த நாள் கைபேசியில் செய்தி வந்தது. சனிக்கிழமை அவருக்கு வேலையாம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மூன்று பெண்கள் சந்திரமதியைக் கண்டதும் கதையை நிறுத்திக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்தி மட்டும் கிட்ட வந்து கையைப் பிடித்து, "உமக்கு ஏதும் பயமோ? ஆரும் கரைச்சல் தருகினமோ?" என்று கேட்டாள். அவள் உண்மையான கவலையோடுதான் கேட்டாள். ஒரு நாய்க்காகத் துவக்கு வாங்குகிறேன் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "இல்லை, சும்மா" என்று சொல்லிவிட்டு சந்திரமதி பஸ்ஸுக்கு நடந்தாள்.

சந்திரமதி 1993இல் சுவிசுக்கு வந்தவள். கணவர் மகேந்திரன் அவளுக்கு நான்கு வருடம் முன்னரே வந்து, அகதி விண்ணப்பம் போட்டு, ஒரு உணவகத்தின் சமையலறையில் பாத்திரம் கழுவி, பிறகு அங்கேயே சமையல்காரனாக ஆனவர். அவள் பள்ளிக்கூடங்களைத் துப்புரவாக்கினாள். பிரெஞ்சு பழகினாள். பிறகு வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலைக்குப் படித்து அதில் சேர்ந்தாள். ஒரே மகள் சாருஜா. 2016இல் ஒரு காலை மகேந்திரன் வேலைக்குப் போகச் சப்பாத்துக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. இரண்டு வருடத்தில் சாருஜா கிஷோபனைக் கட்டிக்கொண்டு சூரிச்சுக்கு, ஓர்லிகோனுக்குப் போய்விட்டாள்.

அதன்பிறகு சந்திரமதியின் வாயிலிருந்து தமிழ் வருவது குறைந்துபோனது. பகல் முழுக்கப் பிரெஞ்சு. வீட்டுக்கு வந்தால் கதைக்க ஆளில்லை. ஞாயிறு மாலை மகள் தொலைபேசியில் எடுக்கும்போது முதல் இரண்டு வசனத்துக்குத் தொண்டை கட்டியதுபோல இருக்கும். "என்னம்மா, சளியோ, தடிமனோ?" என்று சாருஜா கேட்பாள். "ஓம், கொஞ்சம்" என்பாள் இவள்.

அவள் பராமரித்தவர்களில் ஓவெர்னே என்ற கிழவர் ஒருவர். லா ரோஷ் என்ற ஊரில் காட்டோரத்து வீடு. எண்பத்து மூன்று வயது. நுரையீரல் பழுதாகி, மூக்கில் பிராணவாயுக் குழாயோடு கதிரையில் இருப்பார். அவருடைய செருப்பின்மேல் தலையை வைத்துக்கொண்டு வெள்ளையும் செம்மஞ்சளுமான ஒரு வேட்டை நாய் படுத்திருக்கும். அதன் பெயர் நோரா. கிழவர் அதிகம் கதைக்கமாட்டார். கிழமைக்கு மூன்று காலை சந்திரமதி போய் அவருடைய காலுக்கு இறுக்கமான உறை மாட்டிவிடுவாள். "மெர்சி, மதாம்" என்பார். அவ்வளவுதான்.

2021 சித்திரையில் அவர் இறந்தார். ஜெனீவாவிலிருந்து மகன் வந்தார். சுவரில் இருந்த மூன்று துவக்குகளும் அந்தக் கிழமையே விலைபோயின. நாயை ஒருவரும் கேட்கவில்லை. கதவு திறக்கத் தந்திருந்த வீட்டுத் திறப்பைத் திருப்பிக் கொடுக்க சந்திரமதி போன அன்று நோரா வெறுமையான கதிரைக்கு முன்னால் படுத்திருந்தது.

"நாளைக்குக் காப்பகத்தில் விடப்போகிறேன். அங்கே யாராவது எடுப்பார்கள்" என்றார் மகன்.

"நான் கொண்டுபோகிறேன்" என்று சந்திரமதி சொன்னாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு விளங்கியது. ஆனால் அந்த மனிதர் அதற்குள் நாயின் தடுப்பூசிப் புத்தகத்தைத் தேடப் போய்விட்டார்.

அவளுடைய வீட்டில் அதுவரை ஒரு மீன்கூட வளர்ந்ததில்லை. சாமிப் படமும் மகேந்திரனுடைய படமும் இருக்கும் அறைக்குள் நாய் வரக் கூடாது என்று மட்டும் ஒரு ஒழுங்கு வைத்தாள். மற்றபடி நோரா அந்த வீட்டை எடுத்துக்கொண்டது. அவள் அதனுடன் தமிழில்தான் கதைத்தாள். "வா", "இரு", "சாப்பிடன்", "என்ன பார்க்கிறாய்?" ஒரு மாதத்தில் நாய்க்கு எல்லாம் விளங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் சாருஜா தடிமனைப் பற்றிக் கேட்பது நின்றது.

கரைச்சல் இலையுதிர் காலத்தில் வந்தது. குடியிருப்புக்குப் பின்னால் உள்ள புல்வெளியில் நடக்கும்போது நோரா திடீரென்று நிற்கும். முன்னங்கால் ஒன்று மடிந்திருக்கும். மூக்கு ஒரு புதரைக் காட்டும். மூச்சு விடுகிறதா என்று சந்தேகம் வரும்படி அசையாமல் நிற்கும். புதருக்குள் ஒரு புறாவோ கறுப்புக் குருவியோ இருக்கும். நாய் அப்படியே நின்று, கடைசியில் மெல்லத் தலையைத் திருப்பிச் சந்திரமதியைப் பார்க்கும். அவள் என்ன செய்வாள்? "வா, போவம்" என்று கயிற்றை இழுப்பாள். கார்த்திகை மாதம் நாய் சாப்பாட்டைக் குறைத்தது. முன்னங்காலைக் கடித்துப் புண்ணாக்கியது.

மிருக வைத்தியர் இளம் பெண். காலுக்கு மருந்து போட்டுவிட்டுச் சொன்னாள். "இதற்கு நோய், வருத்தம் ஒன்றுமில்லை, மதாம். வேலையில்லை. இது வேட்டைக்கென்றே வளர்க்கிற சாதி. கொடுக்க உங்களுக்குச் சம்மதம் என்றால் ஒரு வேட்டைக்காரரைத் தெரியும். நல்ல மனிதர்."

நல்ல மனிதர்தான். பிளஃபையன் என்ற ஊரிலிருந்து வந்து, நோராவைத் தடவிப் பார்த்து, பற்களைப் பார்த்து, மிக மரியாதையாக, "நாளைக்கு வந்து கூட்டிப்போகட்டுமா?" என்று கேட்டார். அவள் ஓம் என்றாள். அவர் போன பிறகு நாயின் கோப்பை, போர்வை, தடுப்பூசிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரு பையில் வைத்தாள். பையைக் கதவடியில் வைத்துவிட்டு வந்து தேநீர் ஊற்றினாள். வீடு பழையபடி இருந்தது. குளிர்ப்பெட்டி உறுமுகிற சத்தம் மட்டும் கேட்டது. தேநீரைக் குடிக்காமல் எழும்பிப் போய்ப் பையிலிருந்த எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வைத்தாள். பிறகு அந்த மனிதருக்குத் தொலைபேசி எடுத்து மன்னிப்புக் கேட்டாள். வேட்டை அனுமதி எடுக்க எங்கே படிக்க வேண்டும் என்பதையும் அவரிடமே கேட்டாள்.

 அவர் முகவரி சொன்னார்.

இரண்டு வருடப் படிப்பு. வகுப்பில் பண்ணைக் கமக்காரர்களின் பிள்ளைகள், ஒரு தச்சர், ஒரு பல்வைத்தியர். பெண்கள் மூன்று பேர். மான்களின் பற்கள், பறவைகளின் இறகுகள், எந்த மாதத்தில் எதைத் தொடக் கூடாது என்ற சட்டங்கள் எல்லாவற்றையும் அவள் மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் பஸ்ஸில் இருந்து மனனம் செய்தாள். ஆயுதச் சட்டம் எடுத்த அன்று, எந்தெந்த நாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் இங்கே துவக்கு வாங்க முடியாது என்ற பட்டியலை ஆசிரியர் உரத்து வாசித்தார். அதில் இலங்கையும் இருந்தது. பல்வைத்தியர் திரும்பிப் பார்த்தார். பின்வரிசையிலும் யாரோ அசைந்தார்கள். சந்திரமதியிடம் பத்து வருடத்துக்கு மேலாகச் சுவிசின் சிவப்புக் கடவுச்சீட்டு இருக்கிறது. அதை அந்த இடத்தில் சொல்லத் தோன்றவில்லை. மற்ற நாடுகளின் பெயர்களோடு இலங்கையையும் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

அவள் அதுவரை துவக்கின் முன்பக்கத்தை மட்டும் கண்டவள். ஊரில் பதினேழு வயதில், வீட்டைச் சோதிக்க வந்த ஆமிக்காரன் ஒருவன் குழல் முனையால் அரிசிப் பானையின் மூடியைத் தள்ளிவிட்டு, அதே குழலை அவளுடைய நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். பின்பக்கத்தைக் காண ஐம்பத்தைந்து வயதாகிவிட்டது. முதல்நாள் சுடும் பயிற்சியில் தோட்டா இரண்டு தரம் கைதவறிப் புல்லில் விழுந்தது. பயிற்றுநர் இரண்டு தரமும் எடுத்துக் கொடுத்தார். பறக்கும் மண்தட்டுகளைச் சுடும் சோதனையில் முதல் தடவை தோற்றாள். 2024 வசந்தத்தில், இரண்டாம் தடவையில் தேறினாள். அந்தச் செய்தியைச் சொல்ல வீட்டுக்கு ஓடினாள். வீட்டில் நோரா இருந்தது. நோராவுக்குச் சொன்னாள்.

இனித் துவக்கு வேண்டும். பயிற்சியில் சுட்டதெல்லாம் இரவல். அவள் வேட்டைக்குப் போகக்கூடியது வருடத்தில் ஐந்தாறு நாள். அதற்கு ஒரு மாத வாடகைக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தாள்.

இந்திராவிடம் கேட்ட அந்தச் சனிக்கிழமை ரெயினில்தான் ரோமோனுக்குப் போனாள். கடைக்காரர் பிரோ என்பவர். துவக்குத் திருத்துபவரும் அவரே. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். பார்வையில் ஏளனம் இல்லை. தையற்காரர் அளவு பார்ப்பதுபோல் இருந்தது.

"என்ன சுடப்போகிறீர்கள், மதாம்?"

"பெக்காஸ்." நீண்ட அலகோடு காட்டுக்குள் இலைச் சருகில் ஒளிந்திருக்கும் பறவை அது. நம்முடைய உள்ளானின் பெரிய இனம் என்று சொல்லலாம். கிழவர் ஓவெர்னே நோராவைப் பழக்கியது அதற்குத்தான்.

பிரோ ஒரு புதுத் துவக்கை எடுத்தார். குழல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. குழல் அளவு பன்னிரண்டாம் நம்பர். கடையில் உள்ள புதியவற்றில் விலை குறைந்தது அது. அவள் தூக்கித் தோளில் வைத்தாள். தோளில் வைக்கும் கட்டை அவளுடைய அக்குளுக்குக் கீழே மாட்டிக்கொண்டது. ஐந்து எண்ணுவதற்குள் குழல் முனை கீழே இறங்கத் தொடங்கியது.

"மூன்றரைக் கிலோ" என்றார் பிரோ. "கட்டையை வெட்டிச் சிறிதாக்கலாம். வெட்டினால் பாரம் முழுக்க முன்னுக்குப் போய்விடும். காட்டில் மூன்று மணி நேரம் இதைத் தூக்கிக் காவ வேண்டும். உங்களுக்கு இதை விற்றால் எனக்கு நல்லது, உங்களுக்கு நல்லதல்ல."

"அப்போ எனக்கு என்ன நல்லது?"

"இருபதாம் நம்பர். ஒடுங்கிய குழல்கள் பக்கம் பக்கமாக இருப்பது. இலேசாக இருக்கும். பழையது என்றால் உங்கள் விலைக்குள் வரும். ஆனால் இப்போது என்னிடம் இல்லை." அவர் ஒரு தாளில் அவளுடைய கை நீளத்தை அளந்து எழுதி வைத்தார். அவள் வெறுங்கையோடு திரும்பினாள்.

ஆடி மாதம் இணையத்தில் ஒரு விளம்பரம் கண்டாள். பஸ் போய்த் திரும்பும் கடைசி ஊரில் ஒரு பண்ணை வீடு. பாட்டன் காலத்து இரட்டைக்குழல், மிக மலிவு. நோராவையும் கூட்டிக்கொண்டு போனாள். கமக்காரர் துவக்கைச் சமையலறை மேசையில் வைத்திருந்தார். அது அழகுதான். இரும்பில் பறவைகள் செதுக்கியிருந்தன. கட்டை கறுத்து மினுங்கியது. தூக்கினாள், பாரமில்லை. மனம் அதிலேயே போய்விட்டது.

ஆனாலும் படித்ததை மறக்கவில்லை. குழல்களைக் கழற்றித் தரச் சொன்னாள். அவற்றை ஒரு விரலில் தொங்கவிட்டு, மறு கையின் விரல் மொளியால் தட்டினாள். நல்ல குழல் கோயில் மணிபோலக் கொஞ்ச நேரம் ஒலிக்க வேண்டும். இது வெடித்த சட்டியைத் தட்டியதுபோல் டொக்கென்றது. இரண்டு குழல்களையும் இணைக்கும் ஈயப்பற்று எங்கோ விட்டுப்போயிருக்கிறது. அடியில் பொறித்திருந்த இலக்கத்தை மூக்குக்கண்ணாடி போட்டு வாசித்தாள். தோட்டா அறையின் நீளம், மில்லிமீற்றரில் அறுபத்தைந்து. இந்தக் காலத்துத் தோட்டா எழுபது. அது வெடித்து விரிய இதற்குள் இடம் காணாது.

"மூன்று தலைமுறை சுட்ட துவக்கு, மதாம்" என்றார் கமக்காரர். அவருக்குக் கோபம் வந்திருந்தது. "ஒருத்தருக்கும் ஒன்றும் நடக்கவில்லை."

"உங்கள் வீட்டில் ஆள்கள் இருந்தார்கள், மிஸ்யூ. நான் தனி. காட்டில் கையில் வெடித்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக எனக்கு ஆளில்லை."

அவர் குழல்களை வாங்கி மேசையில் வைத்தார்.  பிறகு, அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது என்று சொல்லி, தன்னுடைய வண்டியில் ரெயில் நிலையம்வரை கொண்டுவந்து விட்டார்.  வழி முழுக்க நோரா இருவருக்கும் நடுவில் இருந்து முன்கண்ணாடியால் வீதியைப் பார்த்தது.

ஆவணி கடைசியில் பிரோ தொலைபேசி எடுத்தார். "ஒன்று வந்திருக்கிறது. அழகில்லை. வந்து பாருங்கள்."

அழகில்லைத்தான். பிரான்சில் சென்ற் எத்தியென்னில் செய்த இருபதாம் நம்பர். கட்டை எப்போதோ கழுத்தில் முறிந்து, வேறொரு மரத்தால் பொருத்தப்பட்டிருந்தது. முன்பாதி தேன் நிறம், பின்பாதி கோப்பி நிறம். பொருத்தியவன் சின்ன உடம்புக்காரன்போல, கட்டையைக் குட்டையாகவே விட்டிருந்தான். அதனால்தான் நாலு பேர் பார்த்தும் வாங்காமல் போயிருக்கிறார்கள். சந்திரமதி குழல்களைக் கழற்றி விரலில் தொங்கவிட்டுத் தட்டினாள். கடை முழுக்க ஒலித்தது. பிரோ புன்னகைத்தார். இலக்கம் எழுபது என்று அவளே வாசித்தாள். பூட்டிய பிறகு குலுக்கிப் பார்த்தாள், எதுவும் ஆடவில்லை. தோளில் வைத்தபோது அவள் தேடாமலே கண் குழல்களின் நடுக்கோட்டில் போய் நின்றது.

"ஏன் இரண்டு விசை?"

"முன்விசை வலக்குழலுக்கு. அதில் தோட்டாவின் ஈயச் சன்னங்கள் கிட்டவே அகலமாக விரியும். பின்விசை இடக்குழல், கொஞ்சம் எட்டத்துக்கு. முதலாவது தப்பினால் இரண்டாவது."

"இரண்டும் தப்பினால்?"

"அது பறவையின் நல்ல நாள், மதாம்."

அந்த வருடத்தில் அவளை அப்படிச் சிரிக்க வைத்தது அவர் ஒருவர்தான். ஒப்பந்தத் தாளை நிரப்பினார்கள். அடையாள அட்டையை நகலெடுத்தார். அவளுடைய நாடு எது, ஏன், எதற்கு என்று அவர் ஒன்றும் கேட்கவில்லை. கட்டையின் முறிவைச் சுட்டிக் காட்டி, "இது இனி முறியாது. உள்ளே இரும்பு ஆணி இருக்கிறது. ஆனால் யாரும் பார்த்து ஆசைப்படமாட்டார்கள்" என்றார்.

ரெயினில், துவக்கைக் கழற்றி அடக்கிய பெட்டியை மடியில் வைத்திருந்தாள். எதிரே இருந்த அம்மா அதைப் பார்த்து, "வயலினா?" என்று கேட்டாள். சந்திரமதி ஓம் என்று தலையாட்டினாள். தன்னுடைய பேத்தியும் வயலின் பழகுகிறாள் என்று அந்த அம்மா ஃப்ரிபூர்க்வரை கதைத்துக்கொண்டு வந்தாள். தனக்கும் ஒரு பேத்தி இருக்கிறாள், பெயர் அக்‌ஷயா, இரண்டு வயது என்று சந்திரமதியும் சொன்னாள்.

அடுத்த நாள் ஞாயிறு. சாருஜா எடுத்தபோது இவள் மறைக்கவில்லை. படிக்கப் போனபோதே சாருஜாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அம்மா சோதனையில் தேறமாட்டாள், தேறினாலும் வாங்கமாட்டாள் என்று இருந்துவிட்டாள்.

"வாங்கிட்டீங்களோ? உண்மையா? அம்மா, உங்களுக்கு என்ன விசரோ?"

"இரும்பு அலுமாரி வாங்கிப் பூட்டி வச்சிருக்கிறன். தோட்டா வேற இடத்தில. சட்டப்படி எல்லாம் சரி."

"சட்டத்தை ஆர் கேட்டது? கிஷோபன்ர அம்மா ஆக்களுக்கு நான் என்ன சொல்றது? இஞ்ச எல்லாருக்கும் தெரிஞ்சிட்டுது. அம்மா பொழுதுபோகாமல் துவக்குத் தேடித் திரியிறாவாம் எண்டு கதைக்கினம்."

"பொழுதுபோகாமல்தான். அவையள் சொல்றது பிழையில்லை."

"அப்பா இருந்தா விட்டிருப்பாரோ?"

"அப்பா இருந்தா எனக்கு நாய் தேவைப்பட்டிராது, பிள்ளை."

மறுமுனையில், பின்னால் அக்‌ஷயா ஏதோ பாத்திரத்தைத் தட்டுகிற ஓசை வந்தது. பிறகு சாருஜா, குரலை இறக்கி, அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

"அம்மா, நான் கோவத்தில சொல்லேல்லை. துவக்கு இருக்கிற வீட்டுக்கு நான் பிள்ளையைக் கொண்டு வரமாட்டன். என்னால ஏலாது."

"சரி. நான் வாறன். நான் அங்க வந்து பார்க்கிறன்."

தொலைபேசியை வைத்த பிறகு அலுமாரியைத் திறந்து துவக்கைப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தால் பிரோ எடுப்பார். அதைப் பற்றி முழுதாக ஒரு கிழமை யோசித்தாள். அந்தக் கிழமையும் ஒவ்வொரு காலையும் நோரா புல்வெளியில் நின்று திரும்பிப் பார்த்தது. அவள் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஐப்பசிக் கடைசியில் வேட்டைக்குப் போனாள். லா ரோஷுக்கு மேலே உள்ள காடுதான் அவளுக்குத் தெரிந்த காடு. பஸ்ஸால் இறங்கி, நோராவின் கழுத்தில் சின்ன மணியைக் கட்டினாள். அடர்ந்த காட்டில் நாய் கண்ணுக்குத் தெரியாது. மணிச் சத்தத்தை வைத்துத்தான் எங்கே போகிறது என்று அறிய வேண்டும். மணி நின்றால் நாய் பறவையைக் கண்டுவிட்டது என்று அர்த்தம். மணியைக் கண்டதும் நோராவின் உடம்பு முழுக்க நடுங்கியது. இந்த மூன்று வருடத்தில் அவள் அதை அப்படிக் கண்டதில்லை.

முதல்நாள் பறவை இல்லை. இரண்டாம் நாள் மணி நின்றது. இவள் முட்செடியில் மாட்டி, போய்ச் சேர முன்னரே பறவை எழும்பிப் போய்விட்டது. மூன்றாம் நாள் இரண்டு குழலாலும் சுட்டு இரண்டும் தப்பியது. நோரா வந்து அவளைப் பார்த்தது. "என்ன பார்க்கிறாய்? எனக்கும் பழக வேணும்தானே" என்று அதட்டினாள். அவளுடைய குரல் மரங்களுக்குள் போய் நின்றுவிட்டது. அந்த மலையில் அப்போது தமிழ் விளங்கிய உயிர் அந்த நாய் ஒன்றுதான்.

நான்காம் நாள் சனிக்கிழமை. மூடுபனி. பதினொரு மணி போல மணி நின்றது. நோரா ஒரு விழுந்த மரத்துக்கு அப்பால் கல்லாக நின்றது. சந்திரமதி ஒவ்வொரு அடியாகக் கிட்டப் போனாள். இலைச் சருகுக்குள்ளிருந்து பறவை படபடவென்று எழும்பி மரங்களுக்கு நடுவே வளைந்து போனது. முதல் சூடு தப்பியது. விரல் தானாகப் பின்விசைக்குப் போனது. இரண்டாவது சூட்டில் பறவை காற்றிலே சுருண்டு விழுந்தது.

புகை மணம். காது இரைந்தது.  சந்தோஷமா, பயமா என்று அவளுக்கு விளங்கவில்லை. நோரா ஓடிப் போய்ப் பறவையைக் கவ்விக்கொண்டு திரும்பியது. சந்திரமதி குந்தியிருந்து கையை நீட்டினாள். நாய் அவளைக் கடந்து போனது.

பறவையை வாயில் வைத்தபடி பாதைக்கு ஏறியது. அங்கே, பழைய மரக்கட்டைகள் அடுக்கியிருக்கும் இடத்தில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தது. கிழவருடைய வண்டி அங்கேதான் நிற்கும்போல. மூக்கை உயர்த்தி மணந்தது. கொஞ்சத் தூரம் கீழே ஓடிப் போய்த் திரும்பி வந்தது. சந்திரமதி கூப்பிடவில்லை. துவக்கைத் திறந்து வெற்றுத் தோட்டாக்களை எடுத்துவிட்டு, நனைந்த கட்டையொன்றில் இருந்தாள். நாய் தேடி முடிக்கட்டும் என்று இருந்தாள். கால்மணி நேரம் இருக்கும். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. குளிர் மட்டும் ஏறியது.

கடைசியில், "நோரா, இஞ்ச வா" என்றாள்.

நாய் வந்தது. அவளுடைய கையில் கொடுக்கவில்லை. ஓரடி தள்ளி, இலைகளின்மேல் பறவையை வைத்துவிட்டுப் பக்கத்தில் படுத்தது. சந்திரமதி அதைக் கையில் எடுத்தாள். இன்னும் சூடாக இருந்தது. சருகின் நிறங்கள் எல்லாம் அந்த இறகுகளில் இருந்தன. கண்கள் பெரிதாக, கறுப்பாக இருந்தன. "பாவம்" என்று வாய்விட்டுச் சொன்னாள். பிறகு நாயின் தலையில் கை வைத்து, "கெட்டிக்காரி" என்றாள். இரண்டையும் உண்மையாகவே சொன்னாள்.

வீட்டுக்கு வந்து இறகு பறிக்க முன்னர், பறவையைக் கையில் ஏந்திப் படம் எடுத்துச் சாருஜாவுக்கு அனுப்பினாள். அனுப்பியது சரியோ என்று உடனே யோசனை வந்தது. அழிக்கவும் மனமில்லை. மிளகும் உள்ளியும் அரைத்துப் பிரட்டி, சோற்றோடு சாப்பிட்டாள். சிறிய பறவை. ஒருவருக்குத்தான் காணும். ஈரல் வாசமடித்த அந்த இறைச்சி அவளுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் மிச்சம் விடவில்லை.

அந்த வருடம் அவள் எடுத்தது அந்த ஒன்றுதான். அடுத்த வருடம் இரண்டு. நோரா இப்போது பறவையைக் கொண்டுவந்து அவளுடைய காலடியில் வைக்கிறது. சில நாள் வைக்க முன்னர் பாதையைத் திரும்பிப் பார்க்கிறது. ஒன்றைவிட்டு ஒரு ஞாயிறு அவள் ஓர்லிகோனுக்கு ரெயினில் போகிறாள். நாயையும் கொண்டுபோகிறாள். அக்‌ஷயா அதன் காதைப் பிடித்து இழுக்கிறாள். அங்கே துவக்கைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. ஐந்து மணி ரெயினுக்குச் சாருஜா வந்து ஏற்றிவிடுகிறாள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஃப்ரிபூர்க்குக்கு இன்னும் அவள் வரவில்லை.

அந்த முதல் படத்துக்குச் சாருஜாவின் பதில் இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. காலையில் ஒரு நோயாளியின் வீட்டுப் படியில் நின்று சந்திரமதி அதை வாசித்தாள். பறவையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

"கை எல்லாம் சிவந்துபோய் இருக்கு. காட்டுக்குக் கையுறை போட்டுக்கொண்டு போறீங்களோ அம்மா?"

விசையில் விரல் வைக்கக் கையுறை தோதில்லை. அவள் போட்டதில்லை. "ஓம், போட்டனான்" என்று எழுதி அனுப்பிவிட்டுக் கதவு மணியை அடித்தாள்.